‘தாபோர்’, ‘ப்லானீக்’ இரண்டிலும் வரும் ஹுசைட் பாட்டு: மூலம் எது, எப்படிப் பாடுவது, ‘தேசியப் பாடல்’ என்று சொல்லலாமா?

ஒத்திகை_அறை கேட்டது:

19ஆம் நூற்றாண்டுச் செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் ‘மா வ்லாஸ்த்’ (என் தாயகம்) தொகுப்பில் கடைசி இரண்டு பகுதிகளான ‘தாபோர்’, ‘ப்லானீக்’ இரண்டையும் வைத்து ஒன்றரை மணி நேரக் கேட்பு அமர்வு ஒன்று தயாராகிறது. இரண்டுக்கும் அடித்தளம் 15ஆம் நூற்றாண்டின் ஹுசைட் (செக் மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றியவர்கள்) போர்ப்பாட்டு, ‘க்தொஷ் ஸூ பொஷீ பொயொவ்நீத்ஸி’ (கடவுளின் போராளிகளாய் இருப்போரே) என்பது வரை தெரியும். அதற்கு மேல் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே வரிதான்: “இந்தப் பாட்டைக் கேட்டதுமே எதிரிப் படை ஓடிவிட்டது.” இது வரலாறா, கதையா?

பாட்டின் சுவடி எது, எப்போது கிடைத்தது? ஹுசைட்டுகளுக்கு முன்னால் செக் மொழியில் என்ன பாட்டுகள் இருந்தன? அமர்வின் நடுவே எட்டுப் பேர் முதல் பத்தியை மேடையில் பாடுவதாகத் திட்டம். பக்கவாத்தியம் இல்லாமல் பாடுவதா, கார்டு (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வைத்துக்கொள்வதா? கடைசியாக, 1420களில் பாடிய பாட்டை ‘தேசியப் பாடல்’ என்று அறிமுகப்படுத்தினால் யாராவது எழுந்து திருத்துவார்களா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சுவடியிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்கள் பாட்டு இருப்பது யிஸ்தெப்னித்சே பாட்டுச்சுவடியில். தெற்கு பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) தாபோர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற சிற்றூர் யிஸ்தெப்னித்சே. அங்குள்ள பங்குத்தந்தை இல்லத்தில் 1872இல் லெயோபோல்ட் காட்ஸ் என்ற மாணவர் இதைக் கண்டெடுத்தார். இப்போது பிராக் தேசிய அருங்காட்சியக நூலகத்தில் இருக்கிறது, குறியீட்டு எண் II சி 7. எழுதிய காலம் 1420களிலிருந்து 1430 வாக்கில்.

இந்தச் சுவடியைப் போர்ப்பாட்டுப் புத்தகம் என்று மட்டும் அறிமுகப்படுத்தாதீர்கள். இதன் பெரும் பகுதி திருப்பலியையும் வேளை செபங்களையும் லத்தீனிலிருந்து செக்குக்கு மாற்றி, பழைய கிரெகோரியன் மெட்டிலேயே உட்காரவைத்த முயற்சி. ஜெர்மன் சீர்திருத்தவாதி லூதருக்கு நூறு வருடம் முன்னால் ஒரு வட்டார மொழியில் முழு வழிபாட்டையும் பாட முடியும் என்று செய்து காட்டிய ஏடு அது. என் கணக்கில் போர்ப்பாட்டை விட இதுதான் பெரிய சாதனை. ஆனால் மேடையில் எடுபடுவது என்னவோ போர்ப்பாட்டுத்தான், அதற்கு என்ன செய்வது!

அதே சுவடியில் ‘பொவ்ஸ்தாஞ், பொவ்ஸ்தாஞ், வெலிகே மியெஸ்தோ ப்ரஷ்ஸ்கே’ (எழு, எழு, பிராக் பெருநகரே) என்ற பாட்டும் உண்டு. அரசர் சிகிஸ்முண்டை பாபிலோன் அரசனாக வைத்து, நகரத்தையே பெயர் சொல்லி எழுப்புகிற பாட்டு. ‘தேசியம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எதையாவது வைக்க வேண்டுமென்றால் உங்கள் போர்ப்பாட்டை விட இது கொஞ்சம் பொருத்தம்.

ஹுசைட்டுகளுக்கு முன்பு இருந்தவற்றில் மிகப் பழையது ‘ஹொஸ்பொதினே, பொமிலுய் நீ’ (ஆண்டவரே, எங்கள் மேல் இரக்கம் வையும்). மொழியில் பழைய சர்ச் ஸ்லாவோனிக் கலப்பு தெளிவாகத் தெரியும். கடைசியில் திரும்பத் திரும்ப வருகிற ‘கிர்லெஷ்’ என்ற சொல்லை உரையில் கட்டாயம் சொல்லுங்கள்: ‘கிரியே எலெய்சோன்’ என்ற கிரேக்கம் சாமானியர் வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆயிற்று. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கொஸ்மாஸின் வரலாற்றில், பிராக் ஆயர் பதவியேற்றபோது பிரபுக்கள் ஜெர்மனில் ஒரு பாட்டைப் பாடினார்கள், படிப்பறியாத எளியவர்கள் ‘கிர்லெஷு’ என்று கத்தினார்கள் என்று வருகிறது. எந்த மொழியில் பாடுகிறாய் என்பதே நீ யார் என்று காட்டிவிடும் நிலை ஹுஸுக்கு மிக முன்பே வந்துவிட்டது என்பதற்கு இது போதும்.

பொஹீமிய அரசர் நான்காம் கார்ல் 1347இல் முடிசூட்டு முறையை வகுத்தபோது இந்தப் பாட்டை அதில் சேர்த்தார். 1397இல் பிரெவ்நோவ் மடத்துத் துறவி ஹொலெஷோவ் யான் இதற்கு ஒரு விளக்கவுரையே எழுதி, மெட்டையும் குறித்துவைத்தார். புனித வொய்தேஹ் (அடல்பெர்ட்) இயற்றியது என்று சொன்னவரும் அவர்தான். அதை மரபுவழிச் செய்தி என்று சொல்லுங்கள், ஆசிரியர் பெயராகப் போட வேண்டாம்.

அடுத்தது ‘ஸ்வதீ வாத்ஸ்லவே’ (புனித வாத்ஸ்லாவே). 14ஆம் நூற்றாண்டில் வைட்மில் பெனெஷ் என்ற வரலாற்றாசிரியர் குறிப்பிடும்போதே பழம்பாட்டு என்றுதான் குறிப்பிடுகிறார். “செக் நாட்டின் கோமகனே, எங்கள் தலைவனே, எங்களுக்காக மன்றாடும்” என்று ஆரம்பிக்கும். “எங்களையும் இனி வருவோரையும் அழியவிடாதே” என்ற புகழ்பெற்ற வரி பிற்காலச் சேர்க்கை. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் கண்ணில் நீர் வரவைத்தது அந்தப் பிற்சேர்க்கை வரிதான்.

1408இல் பிராக் ஆயர் மன்றம் புதிய வட்டார மொழிப் பாட்டுகளைத் தடைசெய்து நான்கை மட்டும் விட்டுவைத்தது. மேலே சொன்ன இரண்டும், ‘பூஹ் வ்ஷெமொஹூத்ஸீ’ (எல்லாம் வல்ல இறைவன்), ‘யெஸு க்ரிஸ்தே, ஷ்செட்ரீ க்ஞெஷே’ (இயேசு கிறிஸ்துவே, தாராள மனத் தலைவரே) என்ற இரண்டும். கடைசிப் பாட்டோடு யான் ஹுஸின் பெயரை இணைத்துப் பேசுவார்கள். 1391இல் எழுப்பப்பட்ட பெத்லகேம் சிற்றாலயத்தில் ஹுஸ் 1402 முதல் செக் மொழியில் பிரசங்கம் செய்துவந்தார், அங்கே கூட்டமே சேர்ந்து பாடியது. தடை ஏன் வந்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நடுநிசி_ரேடியோ எழுதியது:

எதிரி ஓடிய கதை 1431 ஆகஸ்ட் 14, பொஹீமியாவிலுள்ள தொமாஷ்லித்சே ஊரில் நடந்தது. ஹுசைட்டுகளை அடக்க வந்த சிலுவைப்படைக்கு பிராண்டன்பர்க் ஃப்ரெடெரிக் தலைமை, திருத்தந்தையின் தூதராக கர்தினால் செசாரினி கூடவே வந்திருந்தார். ஹுசைட் தளபதி ப்ரொகோப் ஹொலீயின் படை தூரத்தில் பாடிக்கொண்டு வரும் சத்தம் கேட்டவுடனே மொத்தப் படையும் சிதறியது. கர்தினாலின் தொப்பியும் உடைகளும் ஹுசைட்டுகள் கையில் சிக்கின. ஆக, ஒரு பாட்டு வென்ற போர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தொப்பி வரை சரி. ‘பாட்டு வென்ற போர்’ சரியில்லை. படை ஓடியது உண்மை, பாட்டு கேட்டிருக்கும் என்பதும் இயல்பே. ஆனால் நூற்றுக்கணக்கான போர் வண்டிகள் உருண்டு வரும் இரைச்சல், அதே நேரத்தில் சிலுவைப்படை முகாமில் சாமான் வண்டிகளை இடம் மாற்றியதைப் பின்வாங்கல் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்ட குழப்பம், முந்தைய படையெடுப்புகளில் வாங்கிய அடி, இதெல்லாம் சேர்ந்த பீதி அது. பாட்டு அந்தப் பீதிக்கு ஒரு குரல் கொடுத்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று: ஹுசைட் படைத்தலைவர் ஷிஷ்கா எழுதிய பாட்டு என்று சில இசைத்தட்டு உறைகளில் போட்டிருப்பார்கள். அவர் 1424 அக்டோபர் 11 அன்று இறந்துவிட்டார். அவர் படையில் இது ஒலித்திருக்கலாம். எழுதியவர் அவர் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

பாட்டின் வரிகளைப் படித்தால் இது எந்த வகைப் பாட்டு என்று புரியும். துதிப்பாடலாகத் தொடங்குகிறது. போகப்போகப் படைக்கு உத்தரவாக மாறிவிடுகிறது. வில்லாளிகளே, ஈட்டிக்காரர்களே, ‘சுட்லித்ஸே’க்காரர்களே, ‘செப்’காரர்களே என்று ஆயுதவாரியாகக் கூப்பிடும். சுட்லித்ஸே என்பது நீண்ட கழியின் நுனியில் குத்தவும் இழுக்கவும் ஆன இரும்பலகு. செப் என்பது கதிரடிக்கிற கோல்: நீளக் கைப்பிடி, சங்கிலியில் தொங்கும் குட்டைக் கட்டை, அதில் இரும்பு முள் அடித்தால் ஆயுதம். களத்து மேட்டுச் சாமானோடு வந்தவர்களையும் பிரபுக்களின் ஆயுதத்தோடு வந்தவர்களையும் ஒரே பத்தியில் நிறுத்துகிறது பாட்டு. பிறகு: அடையாளச் சொல்லை எல்லாரும் நினைவில் வையுங்கள், தலைவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள், எதிரியின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கொள்ளைப் பொருளில் கை வைத்து நின்றுவிடாதீர்கள். கடைசி உத்தரவு நடைமுறை அறிவு. வென்றுகொண்டிருக்கிற படை கொள்ளையில் இறங்கினால் வரிசை கலைந்துவிடும், திருப்பி அடிக்க எதிரிக்கு அந்த நேரம் போதும். முடிவில் “அடியுங்கள், கொல்லுங்கள், ஒருவனையும் உயிரோடு விடாதீர்கள்” என்று வருகிறது.

இதை உரையில் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்மெதனா எதை எடுத்தார், எதைத் தொடவில்லை என்று பேச இதுதான் வழி.

மேளகர்த்தா_72 எழுதியது:

பாடுவதைப் பற்றி.

மெட்டு டோரியன் என்ற பழைய ஐரோப்பிய சுர முறை. உங்கள் எட்டுப் பேரும் கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் என்றால் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: கரகரப்ரியாவின் சுரங்கள், கமகம் துளியும் கூடாது. க2, நி2 இரண்டையும் அசைக்காமல் நேராக நிறுத்தச் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் காந்தாரத்தை ஆட்டினால் போச்சு, அந்த நிமிடமே பாட்டு ஊர் மாறிவிடும்.

கார்டு வேண்டாம். சுவடியில் இருப்பது ஒற்றைக் குரல் மெட்டு. கார்டு போடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு தப்பு செய்வார்கள். மைனர் கார்டுக்கு இணங்க த2வை த1 ஆக்கிவிடுவார்கள், உடனே நடபைரவி வாடை வந்துவிடும். அல்லது முடிவில் பிடிப்பு வேண்டுமென்று நி2வை நி3 ஆக உயர்த்துவார்கள், அது கௌரிமனோகரி. இரண்டுமே காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. துணைக்கு ஏதாவது வேண்டுமானால் தம்புரா மாதிரி ஸ–ப மட்டும் மெல்ல ஒலிக்கட்டும். அதுகூட நம் வசதிக்குத்தான், சுவடியில் இல்லை.

சுருதி: ஸ்மெதனா டி மைனரில் எழுதியிருப்பதால் டி-யில் பாடினால் இசைத்தட்டுக்குப் பாலமாக இருக்கும். பெண்குரலும் ஆண்குரலும் கலந்த குழுவென்றால் எல்லாரும் ஒரே மெட்டை எட்டு சுரம் மேலும் கீழுமாகப் பாடட்டும். மேல் சுரத்துக்குச் சிரமப்படுகிறவர் ஒருவர் இருந்தாலும் ஒரு சுரம் இறக்குங்கள். டி-யை விட ஒருமித்த குரல் முக்கியம்.

அடி அளவு: முதல் பத்தியின் அசைகள் 8, 6, 8, 6, 11. முதல் நான்கு வரியும் இரண்டிரண்டாகச் சமன்பட்டு நிற்கும். ஐந்தாவது வரி அந்தச் சமனை உடைத்து நீளும். பாட்டின் எடையெல்லாம் அங்கேதான். “முடிவில் எப்போதும் அவரோடு வெல்வீர்கள்” என்பது அந்த வரி. பதினோரு அசையையும் ஒரே மூச்சில் பாட வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் அது ஆறும் ஐந்துமாக உடைந்து மேலே போன வரிகள் மாதிரியே ஆகிவிடும். எட்டுப் பேர் இருப்பதால் இருவர் இருவராக வேறு வேறு இடத்தில் மூச்சு எடுக்கச் சொன்னால் சமாளித்துவிடலாம், ஆனால் ‘ஸ்வீ’ என்ற அசைக்கு முன்னால் மட்டும் யாரும் எடுக்கக் கூடாது.

உச்சரிப்பு (தடித்துச் சொல்ல வேண்டியது ஒவ்வொரு சொல்லின் முதல் அசை):

க்தொஷ் ஸூ பொஷீ பொயொவ்நீத்ஸி
அ ஸாகொன யெஹொ
ப்ரொஸ்தெஷ் ஒத் பொஹ பொமொத்ஸி
அ ஊஃபய்தெ வ்ஞெஹொ
ஷெ கொநெச்ஞெ வ்ஷ்தித்ஸ்கி ஸ்ஞீம் ஸ்வீத்யெஸீதெ

செக் மொழியில் அழுத்தம் வேறு, நெடில் வேறு. ‘பொஷீ’யில் அழுத்தம் ‘பொ’வில், நெடில் ‘ஷீ’யில். நெடிலைப் பார்த்ததும் அங்கே அழுத்திவிடுவது எல்லாரும் செய்கிற தப்பு. பொஷீ, ஷெ இரண்டிலும் வரும் ‘ஷ’ குரல் சேர்ந்த ஒலி, பிரெஞ்சு ‘ஜூர்’ என்பதில் வருவதைப் போல. தமிழில் எழுத்து இல்லை, ‘ழ’ போட்டு எழுதினால் தவறாகவே பாடுவார்கள். பொஷீ, பொயொவ்நீத்ஸி, பொஹ மூன்றிலும் முதல் ஒலி ‘பாவம்’ என்பதின் ப அல்ல, ‘பஸ்’ என்பதின் ப. ‘ஞ’ நமக்கு இயல்பாக வரும், அதில் ஐரோப்பியர் பலரை விட நாம் முந்தி.

வேகம்: 19ஆம் நூற்றாண்டுப் பழக்கத்தால் இதைச் சவ ஊர்வலம் மாதிரி இழுத்துப் பாடுகிற பதிவுகள் நிறைய. சொற்கள் தெளிவாகக் கேட்கிற, நடந்துகொண்டே பாடக்கூடிய வேகம் போதும். ஒத்திகையில் எட்டுப் பேரும் எழுந்து நடந்துகொண்டே ஒரு தடவை பாடட்டும், வேகம் தானாக அமைந்துவிடும்.

தாளம் பற்றி ஒரு எச்சரிக்கை. சுவடியின் இசைக்குறிகள் நீளமும் குறுக்கமும் காட்டுகிற எளிமையான வகை, அவற்றுக்கு நவீன கோடு பிரித்து எழுதியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதவில்லை. இரண்டு அச்சுப் பிரதிகளை எடுத்து அரைப் பாட்டை ஒன்றிலிருந்தும் மீதியை இன்னொன்றிலிருந்தும் கற்றுக்கொடுத்தால் ஐந்தாவது வரியில் குழு கட்டாயம் சரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

ஒத்திகை_அறை எழுதியது:

மிக்க நன்றி. ஐந்தாவது வரியைப் பற்றிச் சொன்னது ‘ப்லானீக்’கைக் கேட்டபோது மனதில் இடறிக்கொண்டிருந்த ஒன்றைத் தெளிவாக்கியது. அங்கே கடைசியில் வரும் அணிநடை அந்த வரிதானா? ‘தேசியப் பாடல்’ கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை.

நடுநிசி_ரேடியோ எழுதியது:

அந்த வரியேதான். போன பதிவில் வாங்கிக்கட்டிக்கொண்டதற்குப் பிராயச்சித்தமாக இதை முழுதாகச் சொல்கிறேன்.

‘தாபோர்’ 1878 டிசம்பரில் முடிந்தது, ‘ப்லானீக்’ 1879 மார்ச்சில். ஸ்மெதனாவின் காது 1874 அக்டோபரிலேயே முழுக்கப் போய்விட்டது, இரண்டையும் அவர் காதால் கேட்டதில்லை. ‘தாபோர்’ முழுக்கப் பாட்டின் தொடக்கத்தைச் சம்மட்டி மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரே சுரம் திரும்பத் திரும்ப. பாட்டு துண்டு துண்டாக வந்து மெல்ல மெல்ல முழு வடிவத்துக்கு வரும். ‘ப்லானீக்’ அதே அடியோடு தொடங்கும், ‘தாபோர்’ நின்ற இடத்திலிருந்து. நடுவில் ஓபோவும் ஹார்னும் பேசிக்கொள்ளும் ஓர் இடையன் காட்சி, அப்புறம் பதினோரு அசை வரி அணிநடையாக வளர்ந்து, முதல் பகுதி ‘விஷெஹ்ரத்’தின் மெட்டோடு கைகோத்து முடியும். இரண்டையும் இடைவெளி விடாமல் போடுங்கள். நடுவில் நிறுத்திப் பேசினால் இந்தத் தையல் தெரியாமலே போய்விடும். இரண்டும் சேர்ந்து அரை மணிக்குச் சற்றுக் குறைவு.

ஆக, பாட்டில் உள்ள இவ்வளவு விஷயங்களில் அவர் எடுத்தது தொடக்கத்தையும் “முடிவில் வெல்வீர்கள்” வரியையும். ஆயுதப் பட்டியல், கொள்ளை எச்சரிக்கை, கொல்லுங்கள் எதுவும் இல்லை. வாத்திய இசைக்கு வரி கிடையாது, மெட்டுத்தான் என்பீர்கள். ஆனால் எந்த வரியை மனதில் வைத்து எழுதினார் என்பதை அவரே குறிப்பெழுதி வைத்திருக்கிறார்.

இதற்குள் ஒரு வேடிக்கை உண்டு. ப்லானீக் மலைக்குள் உறங்கும் வீரர்களின் தலைவர், நாட்டுக்கு ஆபத்து வந்தால் எழுந்து வருவார் என்று கதை சொல்வது, புனித வாத்ஸ்லாவ். கத்தோலிக்கப் புனிதர். ஸ்மெதனா அந்த மலைக்குள் ஹுசைட் வீரர்களை ஒளித்துவைத்து, அவர்கள் பாட்டைப் போட்டு எழுப்புகிறார். 15ஆம் நூற்றாண்டில் இரண்டு பக்கத்திலும் இதை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். 1882 நவம்பர் 5 அன்று தொகுப்பு முழுவதும் முதல்முதலாக ஒலித்தபோது பிராக் மொத்தமும் ஏற்றுக்கொண்டது. இன்னொரு செக் இசையமைப்பாளர் த்வோராக் இன்னும் வெளிப்படை: 1883இல் தேசிய நாடகக் கொட்டகை மறுதிறப்புக்கு ஒலித்த ‘ஹுசித்ஸ்கா’ முன்னிசையில் ஹுசைட் பாட்டையும் வாத்ஸ்லாவ் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அப்படியானால் ‘தேசியப் பாடல்’ கேள்விக்கு வருகிறேன். ‘1420இன் தேசியப் பாடல்’ என்று சொன்னால் நிச்சயம் யாராவது எழுந்திருப்பார்கள், எழுந்திருக்கவும் வேண்டும். ‘19ஆம் நூற்றாண்டில் தேசியப் பாடலாக ஆக்கப்பட்ட போர்ப்பாட்டு’ என்று சொல்லுங்கள், யாரும் அசைய மாட்டார்கள்.

பாட்டுக்குள் ‘செக்’ என்ற பேச்சே பெரிதாக இல்லை, கடவுளின் சட்டம்தான் மையம். ஆனால் அன்று இன உணர்வே இல்லை என்று சொன்னாலும் தவறு. அன்றைய செக்கில் ‘யஸிக்’ என்ற சொல்லுக்கு நாக்கு, மொழி, அதைப் பேசும் மக்கள் என மூன்று பொருளும் உண்டு. 1409 ஜனவரி 18இன் குத்னா ஹோரா ஆணை பிராக் பல்கலைக்கழகத்தில் பொஹீமிய அணிக்கு மூன்று வாக்கும் மற்ற மூன்று அணிகளுக்கும் சேர்த்து ஒன்றும் என்று மாற்றியது, ஜெர்மன் ஆசிரியர்கள் வெளியேறி லைப்ஸிகில் தனிப் பல்கலைக்கழகம் கண்டார்கள். மொழிப் பிணக்கு சூடாகத்தான் இருந்தது. ஆனால் ஹுசைட்டுகளிடையே ஜெர்மன் பேசுகிறவர்களும் இருந்தார்கள், எதிர்ப்பக்கத்தில் செக் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். 1434 மே 30, லிபனி போரில் தீவிர ஹுசைட்டுகளை முறியடித்த கூட்டணியில் மிதவாத ஹுசைட்டுகளே இருந்தார்கள்.

பின்காலத்து இசையும் அந்த எல்லைக்குள் நிற்பதில்லை. ஹ்ரதெத்ஸ் க்ராலோவே அருங்காட்சியகத்திலுள்ள ‘ஸ்பெத்சியால்நீக்’ சுவடி (1485–1500 வாக்கில்) மிதவாத ஹுசைட்டுகளின் பலகுரல் இசை. அதில் ஜோஸ்கான், அக்ரிகோலா போன்ற மேற்கு ஐரோப்பியரின் படைப்புகளோடு, க்ருடென்ஸ் பெத்ருஸ் வில்ஹெல்மியின் பழைய பாணிப் பாட்டுகளும் ஒரே கட்டில் இருக்கின்றன. இந்த பெத்ருஸ் பிறந்தது இன்று போலந்தில் இருக்கும் க்ருட்ஜியோன்ஸில். பாட்டின் தொடக்கச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் ‘பெத்ருஸ்’ என்று வரும்படி தன் பெயரை ஒளித்துவைத்திருந்தார், 1970களில் யரொமீர் செர்னீ என்ற ஆய்வாளர் அதைப் பிடித்தார். செக் இசைக்கு அடையாளமாகக் காட்டுகிற சுவடியில் பலர் செக்கர் இல்லை. ‘ஹில்லியர்ட் என்ஸெம்பிள்’ பதிவு கிடைக்கிறது, போர்ப்பாட்டுக்கு முன்னால் இரண்டு நிமிடம் போட்டால் “ஹுசைட்டுகளுக்கு ஒற்றைக் குரல்தான் தெரியும்” என்ற எண்ணம் போய்விடும்.

படம் ஒன்று திரையில் காட்ட முடியுமானால் 1572ஆம் ஆண்டின் மாலா ஸ்த்ரானா பாட்டேட்டைக் காட்டுங்கள். பட்டறைக்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்த பாட்டுச் சகோதரத்துவங்கள் தங்கள் செலவில் எழுதவைத்த பெரிய ஏடுகளில் ஒன்று. ஹுஸ் நினைவுநாள் பாட்டுக்குப் பக்கத்து ஓரத்தில், மேலே ஹுஸுக்கு முன்னோடியான ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி விக்ளிஃப் சிக்கிமுக்கி தட்டுகிறார், ஹுஸ் அதில் மெழுகுவத்தி ஏற்றுகிறார், லூதர் எரிகிற பந்தத்தைத் தூக்கிப் பிடிக்கிறார், கீழே ஹுஸ் தீயில். பாட்டுப்புத்தகத்தின் ஓரமே வரலாற்றுப் பாடமாகிவிட்டது. இந்தச் சகோதரத்துவங்களை 1780களில் இரண்டாம் யோசெப் கலைத்தார். 1620இல் பிராக் அருகே வெள்ளை மலைப் போரில் கத்தோலிக்கப் படையிடம் தோற்ற பிறகு ஹுசைட் ஏடுகள் எரிந்தன, ஒளிக்கப்பட்டன. அதனால்தான் 1872இல் ஒரு பங்குத்தந்தை இல்லத்தில் கிடைத்தது அவ்வளவு பெரிய செய்தியாயிற்று.

இன்னொரு கண்ணி: 1918இல் புதிய நாடான செக்கோஸ்லோவாக்கியா எடுத்துக்கொண்ட தேசிய கீதம் இவை எதுவும் இல்லை. அந்தக் கீதத்தின் செக் பகுதி 1834இன் ஒரு மேடை நாடகத்துக்கு ஷ்க்ரோப் இசையமைத்த ‘க்தெ தொமோவ் மூய்’ (என் வீடு எங்கே). அதனால் ‘கீதம்’ என்ற சொல்லை ஹுசைட் பாட்டுக்குத் தவிர்ப்பது நல்லது.

மேளகர்த்தா_72 எழுதியது:

இதோடு சேர்த்து, பாட்டு நாட்டை விட்டு வெளியே போன இடங்களையும் சொன்னால்தான் ‘அடையாளம்’ என்பது முழுதாகும். ஜெர்மானியர் கார்ல் அமாடெயுஸ் ஹார்ட்மன் 1939இல் எழுதிய வயலின் கச்சேரி ‘கொன்செர்ட்டோ ஃபுனெப்ரெ’யின் தொடக்கத்தில் இதே பாட்டு, செக்கோஸ்லோவாக்கியாவை விழுங்கிய தன் நாட்டுக்கு எதிராக. விக்டர் உல்மன் நாஜிகளின் தெரெஸின் முகாமில் 1944 ஆகஸ்டில் முடித்த ஏழாம் பியானோ சொனாட்டாவின் கடைசிப் பகுதி ஓர் எபிரேயப் பாட்டின் மேல் கட்டியது, அதில் ஹுசைட் பாட்டும் ஜெர்மன் லூதரன் பாட்டும் பின்னிவரும். அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள்.

வாத்ஸ்லாவ் பாட்டுக்கு ஒரு நல்ல ஒலித்துண்டு: யோசெஃப் சுக் 1914இல் எழுதிய தியானம். போர் தொடங்கியதும் கச்சேரிகளில் ஆஸ்திரியப் பேரரசின் கீதத்தை வாசிக்க வேண்டியிருந்தது, அதற்குப் பக்கத்தில் வைக்க ‘எங்களை அழியவிடாதே’ பாட்டின் மேல் இதைச் செக் நால்வர் குழுவுக்காக எழுதினார். வார்த்தை இல்லாததால் தணிக்கையாளருக்குப் பிடிக்க எதுவுமில்லை, கேட்கிறவர்களுக்கு எல்லாமே புரிந்தது.

முடிவாக, 1968இல் பிராக் மீது நடந்த சோவியத் படையெடுப்பை வைத்து கரெல் ஹுசா எழுதிய ‘பிராக் 1968க்கான இசை’. காற்றுவாத்தியக் குழுவுக்கானது, நான்கு பகுதி, முதல் மேடையேற்றம் 1969 ஜனவரியில் வாஷிங்டனில். தொடக்கத்திலேயே டிம்பனி (பெரிய முரசு) மிக மெல்ல அந்த ஒரே சுரத்தைத் தட்டும், முழுவதும் மறைந்து மறைந்து வந்து கடைசியில் எல்லாரும் ஒரே குரலில் ஓங்கி ஒலிப்பார்கள். ஆனால் பாட்டை எந்த இடத்திலும் முழுதாகப் பாடவிட மாட்டார். இதைச் சொல்லிவைக்காவிட்டால் கேட்பவர்கள் மெட்டு வரும் வரும் என்று காத்திருந்து ஏமாறுவார்கள். உங்கள் எட்டுப் பேரும் இதற்கு முன்னால் பாடியிருக்க வேண்டும். பதினோரு அசை வரி காதில் பதிந்திருந்தால்தான் அது வராமல் நிற்பது கேட்கும்.

நேரக் கணக்கு வேண்டுமானால்: சுவடியும் முன்வரலாறும் 15 நிமிடம், ‘ஹொஸ்பொதினே’யும் ஸ்பெத்சியால்நீக் துண்டும் 6, மேடைப்பாட்டு அறிமுகத்தோடு 5, ஸ்மெதனா இரண்டும் சேர்த்து 30 வரை, சுக் 7 அல்லது 8, ஹுசாவின் கடைசிப் பகுதி மட்டும் 9 அல்லது 10. மீதி கேள்விக்கு. இடம் போதாவிட்டால் சுக்கை விடுங்கள், ஸ்மெதனாவில் கைவைக்காதீர்கள்.